கயிறும் சுவரும்



செப்டம்பர் 8-ந் தேதி என்றதும் நமக்கெல்லாம் வேளாங்கண்ணித் திருநாள்தான் ஞாபகத்துக்கு வரும். தேவமாதா பிறந்த அந்தத் திருநாளன்றுதான், 1900-ம் ஆண்டில், அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் என்னும் தீவு நகரத்தைப் புயல் அழித்தது.

அது மணல் தீவு. அதன் மிக உயர்ந்த மேடுகூடக் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடி இல்லை. அன்று கடலோ 15 அடிக்கு மேல் உயர்ந்து வந்தது. 38,000 பேருக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்த ஊர். இறந்தவர்கள் 6,000-க்குக் குறையார். 8,000 வரை இருக்கலாம் என்றும் சொல்லுகிறார்கள்.

நகரத்துக்கு மேற்கே, கடற்கரையை ஒட்டி, கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை மடம் ஒன்று இருந்தது. நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் அடிக்கடி பரவியதால், பிள்ளைகள் நல்ல காற்றில் பத்திரமாக இருக்கட்டும் என்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓர் ஆபத்துக்குப் பயந்து இன்னோர் ஆபத்தின் வாசலில் குடியேறினார்கள் என்று இன்று சொல்லுவது சுலபம். புயலன்று காலையில் ஒரு சகோதரி உணவுப் பொருள் வாங்க நகரத்துக்கு வந்திருந்தாள். “வானம் சரியில்லை, இங்கேயே தங்கிவிடு” என்று மற்றவர்கள் தடுத்தார்கள். தான் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு இல்லை என்று சொல்லித் திரும்பிப் போனாள்.

மடத்தில் 10 கன்னியாஸ்திரிகள், 93 பிள்ளைகள். தண்ணீர் ஏறியதும் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை எடுத்து, ஒவ்வொரு சகோதரியும் சில பிள்ளைகளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பயம் தெரியாதிருக்கப் பிள்ளைகளைத் தேவமாதா பாட்டுப் பாடச் செய்தார்கள். பெரிய பையன்கள் மூன்று பேர் மட்டும் ஒரு மரத்தைப் பிடித்துப் பிழைத்தார்கள். மற்ற 90 பிள்ளைகளும், 10 சகோதரிகளும் மாண்டார்கள். பிற்பாடு கண்டெடுத்த உடல்களில் அந்தக் கயிறு அப்படியே இருந்தது.

இந்தச் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் விடாதவர் இல்லை. ஆனால், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் எதைக் கடன்பட்டிருந்தார்கள்? கன்னியாஸ்திரிகள் தங்கள் கடனைக் கடைசிக் காசு வரையில் தீர்த்துவிட்டார்கள். நகரம் தீர்த்ததா?

நகரத்துக்கு எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அதே கடற்கரையில் இந்தியனோலா என்னும் துறைமுகம் 1875-ல் ஒரு முறையும், 1886-ல் மறுமுறையும் புயலில் அடிபட்டு, நம் தனுஷ்கோடியைப்போல ஆளற்றுப் போயிற்று. அதைப் பார்த்துக் கால்வெஸ்டன் பிரமுகர்கள் கடற்சுவர் கட்டவேண்டும் என்று தீர்மானமும் செய்தார்கள். பிறகு அலை அடங்கிற்று, பேச்சும் அடங்கிற்று. 1891-ல் அவ்வூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் என்பவர், புயலால் இந்நகரத்துக்குப் பெருஞ்சேதம் வரும் என்று பயப்படுவது வீண் என்று பத்திரிகையில் எழுதினார். 1900-ம் வருஷத்துப் புயலில் அவருடைய மனைவியும் மாண்டாள்.

இங்கே கொலைகாரன் எவனும் இல்லை, திருடனும் இல்லை. இருந்தாலும் பாவமே நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்யத்தகாததைச் செய்வது மட்டுமல்ல, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவம் என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். அந்த இரண்டாவது பாவத்துக்கு ஒரு தந்திரம் உண்டு: பலர் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் தெரியாது. வராத புயலுக்காக வரி கேட்பவனை யார் விரும்புவார்கள்? நம் கோவில் ஓட்டைப் பழுதுபார்க்க வெயில் காலத்தில் எத்தனை பேர் காணிக்கை கொடுக்கிறோம்? ஒழுகத் தொடங்கிய பிறகுதானே கை நீளுகிறது! “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்றும் சொல்லுவோம். பார்ப்பதற்குக் கண்ணும், முன்யோசனைக்குப் புத்தியும் கொடுத்தவர் அவரே என்பதை மறந்துவிடுகிறோம். விவேகத்தைத் தலையான புண்ணியங்களில் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பது சும்மா அல்ல.

அழிவுக்குப் பின் அந்த ஊரார் செய்தது பெரிய காரியந்தான். 1902-ல் தொடங்கி 1904-க்குள் 17 அடி உயரத்தில் மூன்று மைலுக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். அதோடு நில்லாமல் ஊரையே உயர்த்தினார்கள். ஏறக்குறைய 2,000 கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடல் மணலைத் தண்ணீரோடு குழாய் வழியே கொண்டுவந்து அடியில் நிரப்பினார்கள். அர்ச். பத்திரீசியார் கோவிலை மட்டும் 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி தூக்கினார்கள். வருஷக்கணக்கில் ஜனங்கள் பலகைப் பாலங்களின்மேல் நடந்து பூசைக்கும் கடைக்கும் போனார்கள். 1915-ல் அதேபோன்ற புயல் வந்தபோது சுவருக்கு உட்புறத்தில் மாண்டவர்கள் சிலரே. சுவருக்கு வெளியே இருந்த வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன.

சுவருக்கு வெளியே! கடற்கரை ஊர்களைக் காப்பாற்றுவதில் கடினமான நீதிப் பிரச்சினை இதுதான். எந்தச் சுவருக்கும் ஒரு முடிவு உண்டு. அந்த முடிவைக் குறிக்கும் கோடு எவன் வீட்டுக்கு இப்பால், எவன் வீட்டுக்கு அப்பால் போகவேண்டும்? நிலத்தை உயர்த்தியபோது மணல் நிரப்பும் செலவு பொதுச் செலவு. வீட்டைத் தூக்கும் செலவோ வீட்டுக்காரனுடையது. கையில் காசுள்ளவனுக்கு இது ஒரு தொந்தரவு. கூலிக்காரனுக்கு ஒரு மலை.

2008 செப்டம்பரில் ஐக் என்ற புயல் வந்தபோது பெருவெள்ளம் சுவரைத் தாண்டி வரவில்லை. பின்புறத்து வளைகுடா வழியாக ஊருக்குள் புகுந்தது. பழைய வியாபாரத் தெருக்களில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். அழகான பழைய மாளிகைகளையும் கடைகளையும் ஊரார் சிரத்தையோடு செப்பனிட்டார்கள், அது நல்லதே. ஆனால் ஏழைகளுக்கான அரசாங்கக் குடியிருப்புகளில் 569 வீடுகள் சேதப்பட்டு இடிக்கப்பட்டபோது, அவற்றைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் சச்சரவு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் பலர். பழம்பெருமை வாய்ந்த ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் சொல்லும்போது, ஊர் என்பது செங்கல்லா, ஆளா? நூறு வருஷத்து மாளிகைக்கு உள்ள மரியாதை, மூன்று தலைமுறையாக அங்கே கூலி வேலை செய்த குடும்பத்துக்கும் உண்டல்லவா?

வளைகுடா வாயிலில் பெரிய கதவுகள் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. அனுமதி வேறு, பணம் வேறு.

அநாதை மடம் இருந்த இடத்துக்கு 1904-ல் கட்டி முடித்த சுவர் எட்டவில்லை. அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்த இடத்தையும் தாண்டி அதை நீட்டுவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1994 செப்டம்பர் 8-ந் தேதி அங்கே சுவரோரத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அந்தச் சபையின் கன்னியாஸ்திரிகள் எங்கே இருந்தாலும், வருஷந்தோறும் அதே நாளில், பிள்ளைகள் பாடிய அந்தப் பாட்டைப் பாடி வருகிறார்கள்.