பழைய மடலில் புதுக்கதை

புதிய விடயம் ஒன்றை எழுத வேண்டும். முகவரிகளைத் தேடப் பஞ்சி. யாரோ எல்லோருக்கும் அனுப்பிய பழைய மடலைத் திறந்து, மறுமொழிப் பொத்தானை அழுத்தி, எங்கள் கதையை எழுதிவிடுகிறோம். இது நாகரிகக் குறைவு மட்டுந்தானா, இல்லை தவறா?

தலைப்பை மாற்றினால் போதுமே என்பார்கள். போதாது. ஒரு மடல் எந்த மடலுக்குப் பதில் என்பதைப் பதிய, 1982இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற தரமே இடம் வகுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த வரியை வைத்துத்தான் பல மென்பொருள்கள் மடல்களைக் கோக்கின்றன. தலைப்பை அழித்தாலும் தொப்புள்கொடி அறாது.

ரூக்வூட் மயானம் பக்கத்தில் இருப்பதால் லிட்கம் தமிழருக்கு இறுதிக்கிரியை அறிவித்தல்கள் புதிதல்ல. அப்படியொரு அறிவித்தலுக்கு வந்த அனுதாபங்களின் நடுவே, பொங்கலுக்கு மண்டபம் பார்த்தாயிற்றா என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். எங்கள் பேச்சு மரபு அவர் பக்கந்தான். செத்தவீட்டு முற்றத்திலேயே கலியாணம் பேசிய ஆட்கள் நாங்கள். ஆனால் அங்கே குரல் தாழும். பேசுகிறவர்கள் வேலியோரம் ஒதுங்குவார்கள். மின்னஞ்சலில் வேலியோரம் என்று ஒன்று கிடையாது. தவிரவும், அந்த முகவரிகளைச் சேர்த்தது ஒரு குடும்பத்தின் துக்கம். இன்னொருவர் கூட்டிய சபையை, கேளாமல், தன் அலுவலுக்கு எடுத்துக்கொள்கிறார் அவர். அதனால்தான் இதைத் தவறு என்கிறேன். மண்டபத்துக்கும் இதனால் நன்மையில்லை. அனுதாபம் சொல்லிவிட்டு அந்த இழையை மூடியவர்கள் கேள்வியைக் காணவே மாட்டார்கள்.

பின்னால் வருபவரும் இருக்கிறார். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் போன்ற மடற்குழுக்களில்தான், 1990களின் பிற்பகுதியில், டிஸ்கி எழுத்துக் குறியீடு பற்றிய வாதங்கள் நடந்தன. யார் யாருக்கு என்ன பதில் சொன்னார் என்பதே அங்கு வரலாறு. நடுவில் வேறு கதை புகுந்தால், தேடி வரும் பேரப்பிள்ளைக்கு நூல் அறுந்துவிடும்.

இளையவர்களுக்கும் ஒன்று. அறுபது வயதில் விசைப்பலகை பழகிய ஒருவருக்கு, முகவரிப் பட்டியலைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே வழி அந்தப் பொத்தானாக இருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிக் கொடுக்கலாம். "அங்கிள், தனி மடலாகப் போடுங்கோ" என்று எல்லோரும் பார்க்க எழுதினால், அதுவும் அந்த மரண அறிவித்தலின் அடியில்தான் போய்க் குந்தும்.