கல்வியின் விலையும் கற்றவரின் கடனும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். ஜெர்மானியர்களின் ‘ஷுல்ட்’ என்ற சொல் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்க, தமிழ்ச்சொல் கடனைக் கடமையோடு சேர்த்து வைத்திருக்கிறது. வேற்று நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காகப் பெருந்தொகை செலுத்தும் மாணவரிடத்தில் இவ்விரு பொருள்களும் சந்திக்கின்றன. அறிவு விற்கத்தக்க பொருள்தானா, அன்றெனில் கட்டணம் எதற்காகப் பெறப்படுகிறது, அதைக் கடன்வாங்கிச் செலுத்தியவர் யாருக்கு என்ன கடன்பட்டவர் என்னும் கேள்விகள் சமய மரபுகள் பலவும் நெடுங்காலம் எண்ணிப்பார்த்தவையே.

பௌத்த ஜாதகக் கதைகளில் தட்சசீலம் தொலைதூர நாடுகளிலிருந்து மாணவர்கள் தேடிவரும் கல்விநகரமாகக் காட்சியளிக்கிறது. திலமுட்டி ஜாதகத்தில் காசி அரசன் தன் மகனிடம் ஒற்றை அடித்தோல் செருப்பும் இலைக்குடையும் ஆயிரம் நாணயங்களும் கொடுத்து அங்கே அனுப்புகிறான். வந்து வணங்கிய இளைஞனிடம் ஆசிரியர், கட்டணம் கொண்டுவந்திருக்கிறாயா அல்லது பணிவிடை செய்து கற்க விரும்புகிறாயா என்று கேட்கிறார். முன்பணம் தந்தவர் ஆசிரியர் வீட்டில் மூத்த மகனைப்போல் நடத்தப்பட்டார். தர இயலாதவர் பகலில் வேலை செய்து இரவில் பாடம் கேட்டார். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. தூத ஜாதகத்தில் வறிய மாணவர் ஒருவர் கல்வியை முடித்த பின்னர், ஆசிரியருக்குத் தரவேண்டியதை அறவழியில் ஈட்டித் தருவதாகக் கூறிப் புறப்பட்டு, இரந்து சேர்த்த பொன்னைக் கங்கையில் பறிகொடுத்து, இறுதியில் அரசனின் உதவியால் அதை நிறைவேற்றுகிறார். முன்கூட்டிச் செலுத்துதல், உழைத்துச் செலுத்துதல், பின்னர் ஈட்டிச் செலுத்துதல் என்னும் இம்மூன்றும் இன்றைய அயல்நாட்டு மாணவருக்கும் உரிய வழிகளே. ஆயினும் பணம் இல்லாமை தட்சசீலத்தில் வாசலை அடைக்கவில்லை. கற்கும் முறையை மட்டுமே அது மாற்றியது.

இந்திய மரபு முழுவதும் இதில் ஒரே கருத்துடையதாக இருக்கவில்லை. தொகையைப் பேசி முடித்துக்கொண்டு கற்பிப்பவரையும், அவ்வாறு பேசிக் கற்பவரையும் சிராத்தத்துக்கு அழைக்கத்தகாதவர்களின் வரிசையில் மனுஸ்மிருதி வைக்கிறது. அதே நூல், கல்வி நிறைவுற்றபின் மாணவர் தம் ஆற்றலுக்கு ஏற்றதைக் குருதட்சிணையாக, அதாவது ஆசிரியருக்கு நன்றியோடு அளிக்கும் காணிக்கையாக, தருவதை ஏற்றுக்கொள்கிறது. தமிழ் இலக்கணநூலான நன்னூல் இதனினும் நடைமுறை சார்ந்தது. பாடம் கேட்கத் தகுதியுடையோர் யாவர் என்று அதன் பாயிரம் வகுக்குமிடத்தில், ஆசிரியரின் மகனும் அரசனின் மகனும் வழிபாடு செய்வோரும் இடம்பெறும் அதே வரிசையில் பொருளை மிகுதியாகக் கொடுப்போரும் இடம்பெறுகின்றனர். ஆசிரியருக்கும் வயிறு உண்டு என்பதை மறுத்த மரபு எதுவுமில்லை. கொடுப்பது எப்போது, எவ்வளவு, எந்த மனநிலையில் என்பதிலேயே அவை வேறுபட்டன.

ஐரோப்பியக் கிறித்தவ உலகில் இக்கேள்வி சட்டக் கேள்வியாகவே எழுந்தது. அறிவு இறைவனின் கொடை, ஆகவே அது விற்கப்படக்கூடாது என்பது இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்களிடையே வழங்கிய கோட்பாடு. 1179ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், தலைமைக்கோயில் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியருக்கு வாழ்வூதியம் ஒதுக்கி, ஏழை மாணவர்கள் கட்டணமின்றிக் கற்க வழிசெய்யவேண்டும் என்றும், கற்பிப்பதற்கான உரிமம் வழங்கப் பணம் கேட்கக்கூடாது என்றும் விதித்தது. வெளிப்படையாக வட்டிக்கு விடுவோருக்குக் கிறித்தவ அடக்கம் மறுக்கப்படவேண்டும் என்று ஆணையிட்டதும் இதே சங்கம்தான். அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் ஒரு நுண்ணிய வேறுபாட்டை முன்வைத்தார்: கற்பிக்கும் கடமையை ஏற்கெனவே தம் பதவியால் ஏற்றிராத அறிஞர் தம் போதனைக்குப் பணம் பெறலாம், ஏனெனில் அங்கே விற்கப்படுவது உண்மை அன்று, உழைப்புக்கே கூலி தரப்படுகிறது. கல்விக்கட்டணத்துக்கு அறநெறி சார்ந்த அடிப்படை ஒன்று உண்டெனில் அது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அந்நாளைய பல்கலைக்கழகங்களிலும் அயலார் நிறைந்திருந்தனர். இத்தாலியின் போலோஞ்ஞாவில் கூடிய வெளியூர் மாணவர்களைக் காக்கும் பொருட்டு, 1150களில் பேரரசர் முதலாம் பிரெடெரிக் ‘ஹாபிட்டா’ எனப்படும் ஆணையைப் பிறப்பித்தார். ஓர் ஊரார் பட்ட கடனுக்காக அதே ஊரைச் சேர்ந்த வேறொருவரைப் பிடித்து வசூலிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. மாணவர்களை அவ்வாறு பிடிக்கக்கூடாது என்று இவ்வாணை தடுத்தது. அறிவைத் தேடி வீட்டைவிட்டு வந்தவர் எளிதில் சுரண்டப்படக்கூடியவர் என்பதை உணர்ந்த சட்டம் அது. ஆக்ஸ்போர்டில் 1240ஆம் ஆண்டில் இலிங்கன் மறைமாவட்ட ஆயர் இராபர்ட் குரோசெட்டெஸ்ட் ஏற்படுத்திய கடன்பேழை இன்னொரு சான்று. ஏழை மாணவர் ஒரு நூலையோ வேறு பொருளையோ அடகாக வைத்து, வட்டியின்றிப் பணம் பெறலாம். குறித்த காலத்தில் மீட்காவிட்டால் அடகுப்பொருள் விற்கப்படும். இத்தகைய பேழைகளில் அடகு வைக்கப்பட்ட நூல்களின் வெற்றேடுகளில், வைத்தவர் பெயரும் நாளும் தொகையும் எழுதிய குறிப்புகளை இன்றும் பழஞ்சுவடிகளில் காணமுடிகிறது. அடகில் இருந்தது மாணவரின் புத்தகம்; அவருடைய பெற்றோரின் வீடு அன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. பிரிட்டன் 1967ஆம் ஆண்டில் உள்நாட்டு மாணவருக்கு 70 பவுண்டு, வெளிநாட்டவருக்கு 250 பவுண்டு என்று முதன்முதலாகக் கட்டணத்தைப் பிரித்தது. 1980ஆம் ஆண்டு முதல் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கவேண்டியதாயிற்று. கட்டணமே வாங்காதிருந்த சுவீடன் 2011ஆம் ஆண்டிலும் நார்வே 2023ஆம் ஆண்டிலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் பெறத் தொடங்கின. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இன்றும் கல்விக்கட்டணம் பெறுவதில்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கென ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், செலுத்திக் காட்டவேண்டும் என்பது 2024ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அளவு.

இம்மாற்றத்துக்கு ஆதரவான வாதம் வலுவற்றதன்று. ஒரு நாட்டின் பல்கலைக்கழகத்தை அந்நாட்டு மக்களின் வரி தாங்குகிறது; அவ்வரியைச் செலுத்தாத குடும்பத்திலிருந்து வருபவர் தமக்காகும் செலவைத் தாமே ஏற்பது நியாயம் என்பது அவ்வாதம். உழைப்புக்குக் கூலி என்ற அக்குவைனஸின் நெறிக்கும் இது முரண்பட்டதன்று. ஆனால் இங்கிலாந்தில் இன்று பல பாடங்களுக்கு வெளிநாட்டு மாணவர் செலுத்துவது உள்நாட்டு மாணவர் செலுத்துவதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அதில் மிஞ்சும் தொகை, ஆராய்ச்சியிலும் உள்நாட்டு மாணவர் கல்வியிலும் விழும் பற்றாக்குறையை நிரப்பப் பயன்படுகிறது என்பதைப் பல்கலைக்கழகங்களே ஒப்புக்கொள்கின்றன. அந்த மிகுதிக்கு இணையான உழைப்பு மாணவருக்குத் தரப்படவில்லை. அவருடைய ஆவலே அங்கு விலையாக மாற்றப்படுகிறது. மேலும், அம்மாணவரைப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வி தந்து ஆளாக்கியது அவர் பிறந்த நாடு. அந்த முதலீட்டை எந்தக் கட்டணச் சீட்டும் கழித்துக் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அருகிருந்து காணவேண்டும். பிரிட்டிஷ் விசாவுக்குரிய பணம் வங்கிக் கணக்கில் 28 நாட்கள் தொடர்ந்து இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்பதால், கைமாற்றாகவும் நகை அடகாகவும் திரட்டிய தொகையைக் கணக்கில் வைத்துவிட்டு வீட்டார் நாள் எண்ணுகின்றனர். பெரிய தொகையாயின் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது. தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார். படிக்கும் காலத்திலும் அதற்குப்பின் ஏறத்தாழ ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை என்றாலும், அக்காலத்துக்குரிய வட்டி நின்றுவிடுவதில்லை. அது ஏறிக்கொண்டே இருக்கிறது. இடைக்காலச் சிந்தனையாளர்கள் வட்டியை எதிர்த்தபோது கூறிய காரணங்களுள் ஒன்று, வட்டிக்காரர் எல்லாருக்கும் பொதுவான காலத்தை விற்கிறார் என்பது. நூலகத்தில் கழியும் ஒவ்வொரு மாலைக்கும் வட்டி ஏறும்போது, கற்கும் காலமே விற்பனைக்கு வந்துவிடுகிறது. வட்டியை விலக்கும் இஸ்லாம், பெற்ற அளவை மட்டும் திருப்பித் தரும் கடனை ‘அழகிய கடன்’ என்று அழைப்பதும், இயலாதவருக்கு அவகாசம் தரச் சொல்வதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை.

இதனால் விளையும் பேரிழப்பு பணத்தைச் சார்ந்தது மட்டுமன்று. மனிதர் மூன்று கடன்களோடு பிறக்கிறார் என்பது வேதமரபின் கருத்து. அவற்றுள் முனிவர்களுக்குப் பட்ட கடன், அதாவது அறிவைக் காத்துத் தந்த முன்னோர்க்கு உரியது, கற்பதால் தீர்கிறது. வங்கிக்கடன் கடைசித் தவணையோடு முடிந்துவிடும். அறிவுக்கடனோ கற்றதைப் பிறருக்குக் கொடுக்கக் கொடுக்கத்தான் முழுதாக அடையும். இன்று வங்கிக்கடனின் சுமை அறிவுக்கடனை இடம்பெயர்க்கிறது. மண்ணியல் படித்தவர் தம் ஊர் நிலத்துக்குத் திரும்பவோ, மருத்துவ ஆய்வு கற்றவர் ஊதியம் குறைந்த ஆய்வகத்தில் அமரவோ விரும்பினாலும், மாதத் தவணை அவருக்காக வேறொரு வேலையைத் தேர்ந்துவிடுகிறது. கடமையாகிய கடனை ஆற்றும் உரிமையைப் பணமாகிய கடன் பறித்துக்கொள்கிறது என்பதே இதன் அறக்கேடு.

ஆகவே கட்டணம் கூடாது என்பது மரபுகள் தரும் பாடமன்று. கற்பிக்க ஆகும் செலவுக்கு ஈடான கட்டணம், படிப்பு முடியும்வரை ஏறாது என்ற உறுதி, படிக்கும் காலத்துக்கு வட்டியின்மை, வருவாய்க்கு ஏற்பத் திருப்பிச் செலுத்தும் உரிமை ஆகியவற்றையே அவை கேட்கின்றன. இவற்றுள் எதுவும் மனிதரால் இயலாததன்று. ஆக்ஸ்போர்டின் பேழையிலிருந்து மீட்கப்பட்ட நூல், அடகுக் குறிப்பைத் தன் ஏட்டில் சுமந்தபடியே மாணவரின் கைக்குத் திரும்பி வந்தது. அவர் அதை மறுபடியும் திறந்து படிக்க முடிந்தது.