கடைமடையின் நம்பிக்கை

தஞ்சைத் தரணியில் வாழும் நம்மவர்க்கு முறைப் பாசனம் பற்றி விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் நீர் குறைந்துவிட்டால் கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாட்கள், வெண்ணாற்றுக்குச் சில நாட்கள், கல்லணைக் கால்வாய்க்குச் சில நாட்கள் என மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவார்கள். 2012 முதல் எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ம் தேதி அணை திறக்கப்படவில்லை. 2020-ல்தான் அத்தேதி மீண்டும் வாய்த்தது. அந்த ஆண்டுகளின் கஷ்டத்தைக் கடைமடை விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

முறை ஏட்டில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதைக் காப்பாற்றுவது கடைமடைக்காரரின் நம்பிக்கைதான். தம் முறையில் தண்ணீர் வந்து சேரும் என்று நம்புகிறவர் காத்திருப்பார். அந்த நம்பிக்கை போய்விட்டால், நடுநிசியில் மண்வெட்டியோடு மேலே போய் மடையைத் திறப்பார்.

பள்ளிவாசல் நிர்வாகமாகட்டும், மதரஸாவாகட்டும், பத்துப் பேர் வேலை செய்யும் கடையாகட்டும், பலர் கூடிச் செய்யும் காரியம் எல்லாவற்றிலும் இதே நிலைதான். அப்படியானால், ஒருவர் முறையை மீறிக் காரியம் கெட்டுவிட்ட பிறகு தலைவர் என்ன செய்ய வேண்டும்? இனி யாரையும் கேட்பதில்லை என்று எல்லாவற்றையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

உஹதுப் போரை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 3-ம் ஆண்டு, கி.பி. 625. போருக்கு முன் மஷூரா நடந்தது. மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்ப்பது பெருமானார் (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ருப் போரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் பலர் வெளியே சென்று பொருதுவதையே விரும்பினர். அவர்கள் கருத்தே ஏற்கப்பட்டது. கவசம் அணிந்து பெருமானார் வெளியே வந்ததும், வற்புறுத்திவிட்டோமே என அவர்கள் வருந்தினர். ஆனால் ஆலோசித்து எடுத்த முடிவிலிருந்து பெருமானார் பின்வாங்கவில்லை.

களத்தில் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளர்கள் ஒரு குன்றின்மீது நிறுத்தப்பட்டனர். வெற்றியானாலும் தோல்வியானாலும் சொல்லியனுப்பும்வரை இடத்தைவிட்டு அசையக் கூடாது என்பது கட்டளை. கீழே வெற்றி தெரிந்தது. கனீமத் பொருள்களைச் சேகரிப்பது தெரிந்தது. பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அப்போது எதிர்ப்படையில் இருந்த காலித் இப்னு வலீத் குதிரைப் படையோடு பின்புறமாக வந்தார். ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட 70 பேர் அன்று ஷஹீதானார்கள். பெருமானாரின் திருமுகம் காயமுற்றது, பல் உடைந்தது.

தங்கள் பங்கு தவறிவிடுமோ என்ற அச்சமே வில்லாளர்களை இறங்கச் செய்தது என முஃபஸ்ஸிர்கள் சிலர் எழுதியுள்ளனர். ஸஹாபாக்களைக் குறை கூற நமக்கு அருகதையில்லை; அவர்களை மன்னித்துவிட்டதாக அல்லாஹ்வே அறிவித்துவிட்டான். தூரத்தில் நிறுத்தப்பட்டவரின் மனநிலையைத்தான் இங்கே கவனிக்கிறோம். கடைமடைக்காரரின் அச்சமும் இதுவேயன்றோ!

இதன் பின்னர் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ம் வசனம், பெருமானாரின் மென்மையை எடுத்துக்கூறி, அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் பணிக்கிறது. அது இறங்கிய வேளையை நாம் சிந்திக்க வேண்டும். மஷூராவின் முடிவுப்படி வெளியே சென்று, கட்டளை மீறப்பட்டு, கபுறுகளின் மண் காயாத நேரத்தில், மீண்டும் அவர்களிடமே ஆலோசனை கேள் என்று கட்டளை வருகிறது.

நாம் அறிந்த ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு, நிவாரண அரிசியைப் பங்கிடும் பொறுப்பு இளைஞர் குழுவிடம் தரப்பட்டது. வாய்க்கால் ஓரத்துக் கடைசித் தெருப் பையன்கள், பட்டியல் முடியுமுன்பே தங்கள் தெருவுக்கு மூட்டைகளை எடுத்துப் போய்விட்டார்கள். தவறுதான். ஆனால், முன்பொரு முறை வந்த நிவாரணம் அந்தத் தெருவை எட்டவே இல்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. குழு கலைக்கப்பட்டது, கிடங்குச் சாவி ஒரே கைக்குப் போயிற்று. 2020 டிசம்பரில் புரெவிப் புயலின் மழையில் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, மூட்டை தூக்கவும் ஆள் வரவில்லை. கூப்பிட்டால், "சாவி வைத்திருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்கள்.

இப்படி மென்மை காட்டினால் கட்டுப்பாடு குலையாதா என்று சில பெரியவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அமானத் பணத்தைக் கையாடியவரையும் அவசரப்பட்டுத் தவறியவரையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. கையாடியவரிடம் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். அவசரப்பட்டவரிடம் கேட்க வேண்டியது வேறு: எதற்கு அஞ்சினாய்? அதைக் கேட்கப் பொறுமையில்லாதவரே சாவியைப் பூட்டி வைக்கிறார்.

உஹது முடிந்து இரண்டு ஆண்டுகளில், ஹிஜ்ரி 5-ல், மதீனாவை முற்றுகையிடப் பெரும்படை வந்தது. மீண்டும் மஷூரா. அகழி தோண்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி). அவர் அரபியர் அல்லர், பாரசீகர். அடிமைத்தளையில் இருந்தவர். குலப் பெருமை பேசிய அக்காலத்தில் அவரைவிடக் கடைசி வரிசைக்காரர் யார்! அவர் சொல் ஏற்கப்பட்டது. பசியும் குளிருமான அந்நாட்களில் பெருமானாரும் தோழர்களோடு தோழராக அகழியில் இறங்கி, தம் திருவயிற்றைப் புழுதி மறைக்குமளவு மண் சுமந்தார்கள்.