சபையில் வைத்த ஓலை



திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை அடிமையென வழக்குரைத்த எம்பெருமான் சலுகை கேட்கவில்லை. முதியவராய் வந்து, ஓலையைச் சபையில் காட்டித் தீர்ப்புக்குக் காத்து நின்றார்.

2022 ஜனவரியில், உலகின் முதல்நிலை டென்னிஸ் வீரர் நொவாக் ஜோகோவிச், தடுப்பூசி பெறாததால் எழுந்த விசா வழக்கில் மெல்பேர்ண் விடுதியொன்றில் தடுத்துவைக்கப்பட்டார். பத்தே நாட்களில் இருமுறை நீதிமன்றம் விசாரித்தது. முடிவில் தோற்று வெளியேறினார். அதே விடுதியில் எட்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தடுப்பில் வாடிய அகதிகளும் இருந்தார்கள்.

கோப்போடு வரிசையில் காத்திருந்த அகதி நான். வீரருக்குத் தீர்ப்பில் சலுகையில்லை, விரைவில் இருந்தது. புகழுள்ளவனுக்குச் சட்டம் வளையவும் கூடாது, புகழில்லாதவனை மறக்கவும் கூடாது.

நமது அர்ச்சனை வரிசையில் பிரமுகரை முன்னே அழைக்கும்போதும் அந்த ஓலையை நினைப்போம்.