மூன்று வாசல்களில் ஒரு தரிசனம்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டைப் பகுதியில், பேருந்துகளின் இரைச்சலையும் மீறிக் காதில் விழும் ஒலி ஒன்று உண்டு. பழவங்காடி மகா கணபதியின் சந்நிதியில் தேங்காய் உடைபடும் ஒலியே அது. தேர்வு எழுதப் போகும் மாணவன், மகளுக்கு வரன் தேடும் தந்தை, வழக்கின் தீர்ப்பை எதிர்நோக்கும் குடும்பத்தார், நோயாளியை மருத்துவமனையில் விட்டுவிட்டு ஓடிவந்த மனைவி என்று எத்தனையோ பேர் அங்கு வருகிறார்கள். இடையூறு சிதறிப் போகட்டும் என்ற ஒரே வேண்டுதலோடு அவர்கள் தேங்காயை ஓங்கி எறிகிறார்கள்.

இக்கணபதி போர்வீரர்களின் தெய்வம். திருவிதாங்கூர்ப் படையின் நாயர் வீரர்கள் பத்மநாபபுரத்தில் வழிபட்டுவந்த மூர்த்தி இவர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியபோது, படையோடு கணபதியும் எழுந்தருளினார். இன்றும் இவ்வாலயம் இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்டின் பராமரிப்பில் இருந்துவருகிறது. வலது திருவடியை மடக்கி அமர்ந்த அரிய கோலத்தில் பெருமான் காட்சி தருகிறார்.

தேங்காய் உடைத்த அனைவருடைய இடையூறும் உடைந்துவிடுகிறதா? சிலருக்கு வழி திறக்கிறது. சிலர் அடுத்த ஆண்டும் அதே கவலையோடு வந்து நிற்கிறார்கள். நேர்மையாக வாழ்ந்தவன் தாழ்கிறான். குறுக்கு வழியில் சென்றவன் உயர்கிறான். "இவ்வளவு வேண்டியும் ஏன் இப்படி?" என்ற கேள்வி, வாய்விட்டுச் சொல்லப்படாமலே அச்சந்நிதியில் நிற்கிறது.

விக்னேசுவரன் என்ற திருநாமத்திலேயே இக்கேள்விக்கான முதல் குறிப்பு அடங்கியுள்ளது. விக்னங்களுக்கு ஈசுவரன் என்பதே அதன் பொருள். அவற்றை விலக்கவும் வல்லவர் அவர். வேண்டிய இடத்தில் வைக்கவும் வல்லவர். தடை விலகினால் அது அவர் அருள் என்று கொண்டாடும் மனம், தடை நிற்கும்போதும் அது அவர் ஆளுகைக்கு வெளியே போய்விடவில்லை என்று உணரவேண்டும். ஆனால் கேட்கும்போது எளிதாக இருக்கும் இவ்வுண்மை, துன்பத்தின் நடுவில் நிற்பவனுக்கு எளிதன்று.

அனந்தபத்மநாபனின் சந்நிதி

பழவங்காடியில் தொழுத பக்தன், அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள ஸ்ரீ பத்மநாபசுவாமி ஆலயத்திற்குச் செல்கிறான். நம்மாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற திவ்யதேசம் அது. 1750-ஆம் ஆண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே அப்பெருமானுக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசன்' என்ற பெயரோடு ஆட்சி செய்தார் என்பது வரலாறு.

அங்கு அனந்தன்மீது பள்ளிகொண்ட பெருமானின் திருமேனி 18 அடி நீளமுடையது. ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்று தரிசிப்பவனுக்கு அது ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. கருவறைக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின்மேல் நீண்டிருக்கும் வலக்கரமும் தெரிகின்றன. நடு வாசலில் நாபிக்கமலமும் அதில் வீற்றிருக்கும் பிரமனும் தெரிகிறார்கள். மூன்றாம் வாசலில் திருவடிகள் தெரிகின்றன. வாசல்களுக்கு இடையில் இருப்பது சுவர்.

முதல் வாசலில் நிற்கும் பக்தன் திருவடியைக் காணவில்லை. அதனால் திருவடி இல்லை என்று அவன் சொல்வதுண்டா? சுவர் மறைக்கும் இடத்தில் பெருமான் இல்லை என்று நினைப்பதுண்டா? சுவருக்குப் பின்னும் அதே திருமேனி இடைவெளியின்றி நீண்டிருக்கிறது. துண்டு துண்டாகத் தெரிவது காண்பவனின் கண்ணுக்கே.

மனித வாழ்வும் இவ்வாறுதான் தெரிகிறது. ஒருவன் நிற்பது ஒரு காலத்தின் வாசலில். அவன் முன் பெரும்பாலும் சுவரே இருக்கிறது. அச்சுவரை முழுமை என்று எண்ணிவிடும்போதுதான் "இறைவன் அநியாயம் செய்துவிட்டான்" என்ற முடிவு எழுகிறது.

ஒரு மன்னரின் வாழ்வு

அவ்வாலயத்தை ஒட்டியே குதிரைமாளிகை என்னும் அரண்மனை இருக்கிறது. அதைக் கட்டியவர் மகாராஜா சுவாதித் திருநாள். 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்தவர். கருவிலேயே அரசுரிமை பெற்றதால் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று போற்றப்பட்டார். இவரைவிடப் பேறுபெற்றவர் யார் என்று உலகம் வியந்திருக்கும். ஆனால் 1815-இல், இரண்டு வயதிலேயே அன்னையை இழந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாயியின் பாதுகாப்பில் வளர்ந்து, 16 வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1834-இல் ஆங்கிலப் பள்ளியையும் 1837-இல் வானியல் ஆய்வுக்கான நட்சத்திர பங்களாவையும் நிறுவினார். பத்மநாபன்மீது பல மொழிகளில் ஏறத்தாழ 400 கீர்த்தனைகளை இயற்றினார்.

1840-இல் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் நிர்வாகத்தில் தொடர்ந்து தலையிட்டார். அரியணை இருந்தது, அதிகாரம் கையை விட்டு நழுவியது. மனம் நொந்த மன்னர் வழிபாட்டிலும் இசையிலும் ஒதுங்கினார். 1846 டிசம்பரில், 33 வயதில் அவர் வாழ்வு முடிந்தது. அவர் நின்ற வாசலிலிருந்து பார்த்தால் அது முற்றுப்பெறாத வாழ்வு.

அவருடைய அவையில் தஞ்சாவூர் வடிவேலு இருந்தார். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சகோதரர்களில் இளையவர். தஞ்சை அரசவையோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் சகோதரர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது என்பர். பிறந்த மண்ணில் வாசல் அடைபட்டது என்று அன்று அவர்கள் வருந்தியிருக்கக்கூடும். அவ்வருத்தத்தோடு வந்த வடிவேலுவே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளுக்கு உற்ற துணையானார். 1834-இல் மன்னரிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். மேனாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குரியதாக்கிய முன்னோடிகளில் ஒருவராக அவரை இன்று இசையுலகம் வணங்குகிறது.

மன்னர் மறைந்தபின் அவர் கீர்த்தனைகள் பல வழக்கொழிந்தன. பலவற்றின் மெட்டுகள் மறைந்தன. சுமார் 90 ஆண்டுகள் கழிந்தன. திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூரில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, மாமனின் ஆதரவில் வளர்ந்த முத்தையா பாகவதர், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் அழைப்பை ஏற்று அக்கீர்த்தனைகளைத் தேடித் தொகுக்க முனைந்தார். 1939-இல் இசைக்கல்லூரி தோன்றியபோது அதன் முதல் முதல்வரானார். அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பணியைத் தொடர்ந்து, பல கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்து மேடைகளில் உலவவிட்டார். இன்று ஆண்டுதோறும் நவராத்திரியில், பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதியின் முன்னிலையில், நவராத்திரி மண்டபத்தில் மன்னரின் கீர்த்தனைகள் முழங்குகின்றன.

அன்னையை இழந்த குழந்தை, ஊரை இழந்த கலைஞர், தந்தையை இழந்த சிறுவன் என்று மூவரும் தத்தம் சுவரின் முன் நின்றவர்கள். சுவருக்கு அப்பால் ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வோடு இணைந்திருந்தது. சுவாதித் திருநாள் அதைத் தம் கண்ணால் காணவில்லை. காணாமலே பாடினார், பாட்டின் முடிவில் பத்மநாபன் பெயரை வைத்தார். நம்பிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

சபரியின் வாசல்

இராமபிரான் காடு சென்ற நாளில் அயோத்தி அழுதது. கோசலை துடித்தாள், தசரதன் உயிர் துறந்தான். அவர்கள் நின்ற வாசலில் அது அநியாயம் அன்றி வேறில்லை. அதே வனவாசத்தின் மறுவாசலில் சபரி நீண்ட காலமாகக் காத்திருந்தாள். அயோத்தியின் கண்ணீரும் சபரியின் ஆனந்தமும் ஒரே பயணத்தின் இரண்டு காட்சிகள். தசரதனின் துயரம் பொய்யன்று. அது முழுமையும் அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "எல்லாம் இறைவன் திட்டம்" என்ற சொல் தன் துன்பத்தைத் தாங்குவதற்கான மருந்து. பிறர் துன்பத்தின்மீது வீசுவதற்கான கல் அன்று. குழந்தையை இழந்த தாயிடம் அச்சொல்லைச் சொல்வது பக்தியாகாது. அவள் அருகில் அமர்ந்து உடன் அழுவதும், அவள் வீட்டு அடுப்பை மூட்டிக் கொடுப்பதுமே பக்தி. அதுபோல், மனிதர் செய்யும் கொடுமையைக் கண்டு விதி என்று கைகட்டி நிற்பதும் சரணாகதி ஆகாது. பழவங்காடி கணபதியை வணங்கிய வீரர்கள், வணங்கியபின் தம் காவல் இடத்திற்கே சென்றார்கள். போரின் முழு வியூகமும் காவல் நிற்கும் வீரனுக்குத் தெரியாது. தன் இடத்தை விட்டு விலகாமல் நிற்பது அவன் கடமை. இறைவனை நம்புகிறவனும் மருந்து உண்கிறான், முயற்சி செய்கிறான், நியாயம் கேட்கிறான். பலன் தன் கணக்கின்படி வராதபோது கசந்துபோகாமல் இருக்கிறான்.

கசப்பு வரும் நேரங்களும் உண்டு. அப்போது அதை மறைத்துக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை. அந்தக் கேள்வியையே தேங்காயாக எடுத்துச் சென்று சந்நிதியில் வைக்கலாம். "ஏன்" என்று இறைவனிடம் கேட்பவன் இறைவனை விட்டு விலகியவன் அல்லன். இன்னும் அவனிடமே பேசிக்கொண்டிருப்பவன்.

பத்மநாபனின் மூன்றாம் வாசலில் தெரிவது திருவடிகள் மட்டுமே. முகம் அங்கே தெரியாது. ஆயினும் பக்தன் அங்கே நிற்கிறான், குனிகிறான், அடைக்கலம் புகுகிறான். முழுவதையும் கண்டபின்தான் வணங்குவேன் என்று எவரும் அங்கே காத்திருப்பதில்லை. எந்த வாசலில் இன்று நிற்க நேர்ந்ததோ, அந்த வாசலில் தெரிவதைத் தொழும் மனத்தை அப்பெருமான் அனைவருக்கும் அருள்வானாக.