கடலடிச் செல்வமும் உரிமை வழக்கும்

உழைப்பே உடைமைக்கு மூலம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். உழுதவனுக்கு நிலம், நெய்தவனுக்குத் துணி என்னும் நியாயம் எளிதில் விளங்குவது. ஆனால் எவரும் உழாத, எவரும் விதைக்காத ஒரு பொருள் கடலடிப் பாறையிடுக்கில் கிடக்குமாயின் அது யாருக்குரியது? கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே அடைபட்டுக் கிடக்கும் இயற்கை வாயுவை ஆக்கியவர் எந்த நாட்டாரும் அல்லர். ஆகவே இங்கே உரிமை எதன்மேல் நிற்கிறது என்பது வெறும் சட்டப் பிரச்சினையன்று, அறப் பிரச்சினையுமாகும்.

இக்கேள்விக்குத் திமோர்க் கடலின் வரலாறு தக்கதோர் உரைகல். 1974ஆம் ஆண்டில் அங்கே ‘சன்றைஸ்’ வாயுவயல் கண்டறியப்பட்டது. அதில் உள்ளது ஏறத்தாழ 5 இலட்சம் கோடி கன அடி வாயு என்பர். கிழக்குத் திமோரின் கரையிலிருந்து அது ஏறக்குறைய 150 கிலோமீற்றர். அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து 450. இரு கரைகளுக்கும் நடுவே கோடு கீறுவோம் என்பது திமோரின் வாதம். எமது கண்டத்தின் அடித்தட்டு, திமோரை அடுத்துள்ள ஆழ்பள்ளம்வரை நீள்கிறது, ஆதலின் அதுவரை எமதே என்பது அவுஸ்திரேலியாவின் வாதம். இருவருமே இயற்கையைத்தான் சாட்சிக்கு அழைத்தனர். ஆயின் எந்தச் சாட்சியைக் கேட்பது என்று தீர்மானித்தது இயற்கையன்று, வலிமை.

1972இல் அவுஸ்திரேலியா தனக்கு வாய்ப்பான கோட்டை இந்தோனேசியாவுடன் பேசி முடித்துக்கொண்டது. திமோரை அன்று ஆண்ட போர்த்துக்கல் இணங்காமையால் கோட்டின் இடையே ஒரு வெளி எஞ்சிற்று. போர்த்துக்கலுடனோ சுதந்திரத் திமோருடனோ பேசுவதைவிட இந்தோனேசியாவுடன் பேசி அந்த இடைவெளியை அடைப்பது எளிது என்று, 1975 ஆகஸ்டில் யக்கார்த்தாவிலிருந்த அவுஸ்திரேலியத் தூதுவர் ரிச்சட் வுல்கொட் தம் அரசுக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் திகதி இந்தோனேசியப் படை திமோருக்குள் புகுந்தது. அதன்பின் சென்ற இருபத்துநான்கு ஆண்டுகளில், கொலையாலும் பசியாலும் நோயாலும், மாண்டவர் தொகை ஓரிலட்சத்துக்கு மேல். 1989 டிசம்பரில் இரு வெளிநாட்டமைச்சர்களும் திமோர்க் கடலின்மேற் பறந்த விமானத்திலிருந்தே பங்கீட்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். கீழே யாருடைய கடல் என்று கேட்பாரில்லை.

போர்த்துக்கல் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. சுயநிர்ணய உரிமை திமோர் மக்களுக்கு உண்டு, ஆனால் இந்தோனேசியா வழக்கில் இல்லாமையால் எம்மால் தீர்ப்பளிக்க இயலாது என்று 1995இல் நீதிமன்றம் கைவிரித்தது. அடுத்தது இன்னும் நுட்பமானது. 2002 மே 20இல் திமோர் சுதந்திரம் பெற இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னரே, கடல் எல்லைப் பிணக்குகளில் அந்நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தினின்றும் அவுஸ்திரேலியா விலகிக்கொண்டது. வழக்கு வருமுன்னே கதவைச் சாத்தும் இச்சாமர்த்தியத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதனாலேயே அது நேர்மையாகிவிடுமா?

2006இன் ஒப்பந்தம் சன்றைஸ் வருவாயைச் சரிபாதியாக்கிற்று. கூடவே, எல்லைப் பேச்சை ஐம்பது ஆண்டுகளுக்கு ஒத்திவைத்தது. பேச்சு நடந்த காலத்தில், 2004இல், உதவித் திட்டமென்ற போர்வையில் திமோர் அரசின் அலுவலகச் சுவர்களுள் ஒட்டுக்கேட்கும் கருவிகளை அவுஸ்திரேலிய உளவாளர் பொருத்தினர் என்பது பின்னர் எழுந்த குற்றச்சாட்டு. அதை வெளிக்கொணர்ந்த ‘சாட்சி கே’ என்னும் முன்னாள் உளவாளர் 2021இல் தண்டிக்கப்பட்டார், தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. அவருடைய சட்டத்தரணி பேர்னாட் கொலேரி மீதான வழக்கு 2022இற் கைவிடப்பட்டது. ஒட்டுக்கேட்டதற்காக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

திமோர் தளரவில்லை. ஐ. நா. கடற்சட்ட உடன்படிக்கையின்கீழ் முதன்முதலாக நடந்த கட்டாய இணக்கப்பேச்சின் வழியாக, 2018 மார்ச் 6இல் எல்லை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வாயுவைக் குழாய்வழி டார்வினுக்குக் கொண்டுசென்றால் அரச வருவாயில் திமோருக்கு 80 சதவீதம். திமோர்க் கரைக்குக் கொண்டுவந்தால் 70 சதவீதம். திமோரின் தலைவர்கள் விரும்புவது குறைந்த பங்கை! இதைப் பேதைமை என்று எள்ளும் பொருளியலாளர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முந்தைய பாயு-உண்டான் வயலின் வாயு முழுவதும் டார்வினுக்கே சென்றது. ஆலையும் அங்கே, தொழிலும் அங்கே. பணத்தை மட்டும் பெற்றுக்கொள்ளும் நாடு வாடகை வாங்கும் நாடாகலாம். தொழில் தெரிந்த நாடாகாது.

எனினும் இங்கே நமக்கொரு தயக்கம் உண்டு. 2019இல் திமோர் அரசு 65 கோடி டொலர் கொடுத்து அவ்வயலில் 56.56 சதவீதப் பங்கை வாங்கிற்று. அந்நாட்டுச் சிறு குழந்தைகளில் ஏறக்குறையச் சரிபாதியினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். தேசத்தின் உரிமை என்று அந்நியனிடம் நாம் வலியுறுத்துவதும், அத்தேசத்துள் அதன் பயன் யாரைச் சேர்கிறது என்று வினவுவதும் ஒரே நியாயத்தின் இரு பகுதிகள். முதற் பகுதியைப் பேசுவோர் பலர். இரண்டாவதைப் பேசினால் துரோகி என்பர். குழாய் எக்கரையைத் தொடவேண்டும் என்னும் பிணக்கில் ஆண்டுகள் ஓடுகின்றன. கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தும் சன்றைஸ் வயலின் வாயு விற்பனைக்கு வரவில்லை. தென்கரையில் உழவன் இன்னமும் மழையை நோக்கியே சோளம் விதைக்கிறான்.