வேண்டாம் என்றது எதை?

ஒரு பெண் தன் உடலைப் பற்றி ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை நானும் நம்புகிறேன். ஆனால், குடியிருப்பு மண்டபங்களில் நடக்கும் பெண்கள் பரிசோதனை முகாம்களில் பதிவு மேசைக்கு உதவப் போகும்போதெல்லாம் இந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போகிறது. ரத்த அழுத்தம், இனிப்புநீர் பார்க்க வரிசையில் நிற்பவர்கள் பாப் ஸ்மியர் என்றதும், “எனக்கு ஒண்ணும் இல்ல மிசி, அடுத்த தடவ பார்ப்போம்” என்று கைப்பையைத் தூக்கிக்கொள்கிறார்கள். கருத்தடை பற்றிப் பேசினால், “வீட்டுல கேட்டுட்டு வர்றேன்.” இங்கே வீடு என்பது கணவர். இவற்றை அந்தப் பெண்களின் முடிவு என்று எடுத்துக்கொண்டு விலகிவிடலாமா? அல்லது நல்லதுக்குத்தானே என்று வற்புறுத்தலாமா?

வற்புறுத்தலாம் என்பவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1966இல் மலேசியாவில் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தபோது பிள்ளைகளைக் குறைப்பது நாட்டுக்கு நல்லது என்றார்கள். 1984இல் மகாதீர் அரசாங்கம் 70 மில்லியன் மக்கள்தொகையை இலக்காக வைத்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில், படிப்பும் வருமானமும் குறைந்த இளம் தாய்மார்கள் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. பட்டதாரித் தாய்மார்கள் மூன்றாவது பிள்ளை பெற்றால் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. கருப்பை பெண்ணுடையது, கணக்கு மட்டும் யார் யாருடையதாகவோ இருந்திருக்கிறது. ஆகவே கிளினிக்கைப் பார்த்து ஒரு பெண் தயங்குவதை அறியாமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அதற்காக விலகிப்போவதும் நியாயமாகப் படவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. எச்.பி.வி. கிருமி தொற்றி, உயிரணுக்கள் மாறி, புற்றாக முற்றப் பல ஆண்டுகள் ஆகும். கண்டுபிடிக்க அவ்வளவு அவகாசம் இருக்கும்போது, ‘அவங்க இஷ்டம்’ என்று நாம் சொல்வதில் மரியாதை எவ்வளவு, சோம்பல் எவ்வளவு?

இந்த இடத்தில் என்னை யோசிக்க வைத்தது ஒரு சிறிய பஞ்சுக்குச்சி. பாப் ஸ்மியர் நம் நாட்டுக்கு 1969இலேயே வந்துவிட்டது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தினர் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், பெண் திரைக்குப் பின்னால் போய்த் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். பாப் ஸ்மியருக்கு வராத பெண்கள்கூட இந்த முறைக்கு முன்வருகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் அவர்கள் வேண்டாம் என்றது எதை? காலை அகட்டிப் படுப்பதை. முன்பின் தெரியாதவர் பார்ப்பதை. “இவ்ளோ நாளா ஏன் வரல?” என்ற அதட்டலை. இத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன ஒரு சொல்லை நாம் பரிசோதனைக்கான மறுப்பாகக் குறித்துக்கொண்டோம்.

கருத்தடையை ஒரு பஞ்சுக்குச்சி தீர்த்துவிடாது. “வீட்டுல கேட்டுட்டு வர்றேன்” என்பது இருவர் கலந்து முடிவெடுக்கும் நல்ல மணவாழ்க்கையாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். கைப்பேசி விஷயமும் அப்படித்தான். யாருடைய கைப்பேசி? பதிவுத்தாளில் கணவரின் எண்ணை எழுதும் பெண்கள் உண்டு. எச்.பி.வி. உடலுறவால் பரவுவது; பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியதாகவும் இருக்கலாம். அந்தச் செய்தியைக் கணவர் முதலில் படித்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

மரியாதை என்பது அவள் பதிலை அப்படியே எழுதிக்கொள்வதோடு முடிவதில்லை என்று இப்போது நினைக்கிறேன். தனியாக உட்காரவைத்து, அவள் மொழியில் விளக்கி, எந்த எண்ணுக்கு அனுப்பட்டும் என்று விசாரித்து, இன்னொரு முறை கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அடுத்த முகாம் எப்போது என்பதைச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். காரணம் கேட்கக்கூடாது.